ஞாயிற்றுக்கிழமைச் சவாரி

பாப்பாவின் அம்மாவுக்கு,

யானைக்கு மதம் தொடங்கிவிட்டதாக மாட்டு டாக்டர் இன்று காலை பார்த்துச் சொல்லிவிட்டார். கன்னத்தில் நீர் கசிகிறது. இனி என் சொல்லையும் அது கேட்காது. நாளை பாப்பாவைச் சவாரிக்கு அழைத்து வருவதாக எழுதியிருந்தாய். வர வேண்டாம். இதைக் கடைசி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கசிவு தெரியாமல் கன்னத்தில் வண்ணத்தை அப்பச் சொன்னார் சர்க்கஸ் மேனேஜர். என் குழந்தையையே வர வேண்டாமென்று எழுதப்போகிறேன் என்றேன்.

"உன் புள்ளய ஏத்தாத. ஊரான் புள்ளைங்க ஏறட்டும். உனக்கு இன்னாய்யா?"

வெளியே வந்தால், மளிகைக்கடை நேமிராஜின் மகள் வெல்லக்கட்டியோடு நிற்கிறாள். "யானைக்காரரே, நாளைக்கு நான்தான் மொதல்ல. வேற யாரயாவது ஏத்துனா இந்த வெல்லத்த நானே துன்னுடுவேன்" என்றாள். நம் பாப்பா உயரம்தான் இருப்பாள்.

யானையைப் புளியமரத்தில் சங்கிலியால் கட்டிப் பூட்டிவிட்டேன். சாவி கேட்டு மேனேஜரின் ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். கொடுக்கவில்லை. எழுதும்போதே எழுந்து எழுந்து போய்ப் பூட்டைத் தொட்டுப் பார்க்கிறேன்.

முதலாளி நாளைக் காலை விழுப்புரம் பஸ்ஸில் வருகிறார். சாவியை அவரும் கேட்பார். அதன்பின் எனக்கு இங்கே வேலை இருக்குமா என்பது மதியத்துக்குள் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
பாப்பாவின் நைனா