அவர் குடித்திருக்கவில்லை

மதுரை ஆஸ்பத்திரி,
ஆவணி 1984

அன்புள்ள அத்தைக்குப் பொன்னுமணி வணங்கி எழுதுவது. உங்கள் மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? மேலே மதுரை என்று இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். உங்கள் மகன் நன்றாக இருக்கிறார், இன்று கஞ்சி குடித்தார்.

போன வாரம் ஏலக்காட்டு வேலையிலிருந்து தள்ளாடிக்கொண்டே வந்தவர், வாசலில் வாந்தி எடுத்தார். பின்மண்டை வலிக்கிறது என்றார், நாக்குக் குழறியது. குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்து, "இப்பிடி வர்றதுக்கு வராமயே இருக்கலாம்ல" என்று கத்திக் கதவைச் சாத்திவிட்டேன். பக்கத்து வீட்டு ஜக்கம்மாள் அக்காதான் அவர் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு, "அடியே, சாராய வாடையே இல்லடி! வெரசா வா, ஜீப்பு பிடிப்போம்" என்று கதவைத் தட்டினார். போடிமெட்டிலிருந்து இறங்கி இங்கே கொண்டுவந்து சேர்த்தோம்.

சிறுமூளையில் ரத்தம் கசிந்து கட்டியிருந்ததாம். பின்மண்டையைத் திறந்து அதை எடுத்துவிட்டார்கள். "நினைவு தப்புறதுக்குள்ள கொண்டு வந்ததால பிழைச்சார். பேச்சு சரியாயிரும். நடைதான் மாசக்கணக்கில தள்ளாடும். பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாது" என்றார் டாக்டர்.

நான் கதவைச் சாத்தியது அவருக்கு நினைவில்லை. வார்டில் எல்லாரிடமும், "எம்பொண்டாட்டிதான் என்னையக் காப்பாத்துனா" என்று சொல்கிறார். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

அவருக்குக் கைலி இரண்டும் ஒரு போர்வையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். நாலு நாள் என்னோடு தங்குவதுபோல வாருங்கள். டாக்டர் வருகிறார், முடிக்கிறேன். வந்ததும் என்னை நன்றாகத் திட்டுங்கள், அத்தை. இங்கே எல்லாரும் என்னைப் பாராட்டுகிறார்கள்.

உங்கள் மருமகள்,
பொன்னுமணி