அரைஞாண் கயிறும் ஈரத்துணியும்

சென்னை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி சவரியப்பனுக்கு,

ஆண்டவர் அருளால் சுகமாயிருப்பாய் என நம்புகிறேன். முழங்கால் வலி தேவலையா?

படித்த திமிரில், பிள்ளைக்கு நீ கட்டிய அரைஞாண் கயிற்றை நான் அறுத்தெறிந்தேன் என்று வல்லத்திராக்கோட்டையில் பேசிக்கொள்கிறார்களாம். அறுத்தது உண்மை. காரணம் திமிர் அல்ல, பயம்.

உன் பேரனுக்கு வேலை செய்வது ஒரே சிறுநீரகம். அதன் குழாய் அடைத்ததால், ஆபரேஷன் செய்து அதை இடுப்போரம் வெளியே திறந்துவிட்டிருக்கிறார்கள். அந்தத் துளை வழியே சிறுநீர் துணியில் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நீ ஊருக்குப் பஸ் ஏறிய மறுநாள் காலையில் உன் மகள் பிளெஸ்ஸி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அத்தே, அப்பா கயிறு கட்டுன ராசி, துணி நனையவே இல்ல பாருங்க!"

நான் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். பிரித்துப் பார்த்தால், கயிறு அழுத்தித் துளை வீங்கி மூடியிருந்தது. நாங்கள் தங்கியிருக்கும் விடுதியின் ஆபீஸ் கத்தரியால் அறுத்துவிட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

துளையில் மெல்லிய குழாய் வைத்தார்கள். இப்போது சொட்டுகிறது, காய்ச்சலும் இல்லை. நீ பதறாதே. சிறுநீரகம் கெட்டிருக்கிறதா என்று வெள்ளிக்கிழமை சொல்வார்கள். நான் மணிக்கொரு முறை துணியைத் தொட்டுப் பார்க்கிறேன். ஈரம் பட்டால்தான் மூச்சு வருகிறது. உன் அத்தான் போனபிறகு பயத்தைச் சொல்ல எனக்கு ஆளில்லை.

துவைத்த பழைய வேட்டி நான்கு அனுப்பு. நீயே கொண்டுவந்தாலும் சரி. டாக்டர் கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

நீ ஆசையாய்த்தான் கட்டினாய், தெரியும். ஆனாலும் டாக்டர்களே துளையைத் தைத்து மூடும்வரை பிள்ளையின் இடுப்பில் யாரும் எதையும் கட்டமாட்டோம் என்று, போனில் சொல்லாமல், உன் கையால் எழுதிப் பதில் போடு.

அக்கா,
லூர்தம்மாள்