சாத்துக்குடி அளவில் ஒரு குல்லா

நேற்று அவனியாபுரம் பஸ் நிறுத்தத்தில் பழவண்டிக்காரர் யாருக்கோ ஒரு சாத்துக்குடியை நறுக்கிக் காட்டினார். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. நீ போன பிறகு நான் சாத்துக்குடியே வாங்கவில்லை. நேற்று ஒன்றே ஒன்று வாங்கினேன். ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்ததில் வண்டிக்காரர் பொறுமை இழந்துவிட்டார். "எல்லாம் ஒரே பழந்தான்க்கா, எம்புட்டு நேரம் உருட்டுவீக?" என்றார். தின்பதற்கு இல்லை, அளவுக்கு என்று அவரிடம் எப்படி விளக்குவது?

ஏழாம் மாதத்தில் பிறந்துவிடும் பிள்ளையின் தலை ஒரு நல்ல சாத்துக்குடி அளவுதான் இருக்கும் என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருமுறை சொன்னார். அன்றிலிருந்து அதுதான் நமக்கு அளவுகோல். வில்லாபுரத்தில் உன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, உல்லன் நூலில் கொக்கி ஊசியால் குல்லா பின்னி, பழத்தின் மேல் மாட்டிச் சரிபார்ப்போம். முடிந்ததும் பழத்தை உரித்து ஆளுக்குப் பாதி. மதுரை வெயிலுக்குக் கம்பளிக் குல்லாவா என்று கேட்டவர்களுக்கெல்லாம் உன்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. "வெயிலு நமக்குத்தாண்ணே. அதுகளுக்குக் குளிருது."

முதல் தடவை நாம் அசடு வழிந்தது நினைவிருக்கிறதா? பை நிறையப் புதுக் குல்லாக்களோடு குறைமாதப் பிள்ளைகள் வார்டுக்கு இலவசமாகக் கொடுக்கப் போனோம். ஒரு தாயும் வாங்கவில்லை. பேரையூர்ப் பக்கத்திலிருந்து மகளின் பிரசவத்துக்கு வந்திருந்த ஓர் அம்மாள்தான் வாய்விட்டுச் சொன்னார், பச்சைப் பிள்ளைக்குப் புதுசு ஆகாது, பழசைத்தான் போட வேண்டும் என்று. நம் பிள்ளைகளை நாமும் பழைய வேட்டியில்தான் சுற்றி வளர்த்தோம். பின்னுகிற பெருமையில் அது மறந்தே போய்விட்டது. திரும்பும் பஸ்ஸில் நீ கண்ணில் நீர் வரச் சிரித்தாய்.

"சரசு, நம்ம ரெண்டு பேரும் சேந்து அஞ்சு பெத்திருக்கோம். ஒருத்திக்காச்சும் தோணுச்சா?"

எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பிரித்துப் போட்டுவிடலாம் என்றேன். புதிதைப் பழசாக்கினால் போயிற்று என்றாய் நீ. மறுநாள் சாயங்காலம் நம் தெருப் பிள்ளைகள் எல்லாருடைய தலையிலும் குல்லா. சாத்துக்குடி அளவுக் குல்லா ஆறு வயதுப் பிள்ளைக்குப் பற்றுமா? உச்சியில் கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோல் உட்கார்ந்திருந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே ஓடிப் பிடித்து விளையாடினார்கள். பிறகு துவைத்துக் காயவைத்து எடுத்துப் போனோம். அந்தப் பேரையூர் அம்மாள் ஒன்றைக் கையில் வாங்கி, யார் போட்டது என்று கேட்டார்.

"எங்க தெருப் பையன் போட்டதுத்தா. ஒக்காந்தா ஆறு இட்லி திம்பான்" என்றாய். அவர் முகம் மலர்ந்துவிட்டது. போட்டவரின் தெம்பு பிள்ளைக்கும் ஒட்டும் என்று அவர்களுக்கு நம்பிக்கை. அதன் பிறகு எந்தக் குல்லாவைக் கொடுத்தாலும் அந்தக் கேள்வி வரும். பதில் சொல்வது உன் வேலை, பை தூக்குவது என் வேலை.

உனக்கு முடி கொட்டிய நாட்களில் நான் ஒரு ஊதா நிறக் குல்லா பின்னித் தந்தேன். எந்தப் பழத்தை வைத்து அளந்தாய் என்று கேட்டாய். பூசணிக்காய் என்றேன். அவ்வளவு வலியிலும் சிரித்தாய். கடைசி வாரத்தில் அதைக் கழற்றி என் கையில் கொடுத்தாய்.

"நான் போனதும் இதப் பிரிச்சிரு. மூணு புள்ளைக்கு ஆகும்."

தலையை ஆட்டினேன், பிரிக்கவில்லை. அதில் உன் தேங்காய் எண்ணெய் வாசமும் பவுடர் வாசமும் இருந்தன. பீரோவைத் திறந்து அடிக்கடி முகர்ந்துகொள்வேன். நீ இல்லாமல் புதிதாக ஒன்றும் பின்னவும் இல்லை.

நாலு நாளைக்கு முன்னால் உன் மகள் போன் செய்தாள். குறித்த நாளுக்கு இரண்டு மாதம் முந்தியே தனக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், குல்லா வேண்டும் என்றாள். புது நூல் வாங்கிப் பின்னித் தெருப் பிள்ளைகளிடம் கொடுத்து எடுத்து வருகிறேன் என்றேன். அதற்கு அவள் கேட்டாள்.

"சின்னம்மா, அம்மா போட்டது ஒங்ககிட்டதான இருக்கு?"

ஒரு நொடி அவள்மேல் கோபம் வந்தது. எனக்கென்று இருப்பது அது ஒன்றுதானே என்று நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. அப்புறமும் இரண்டு நாள் பீரோவைத் திறக்கவில்லை.

நேற்றுப் பிரித்தேன். முடிச்சை அவிழ்த்து இழுத்ததும் சரசரவென்று வந்துவிட்டது, சுருட்டை சுருட்டையாக. பச்சைப் பிள்ளைக்கு என்பதால் வெந்நீரில் இரண்டு முறை அலசினேன். கொடியில் காயும்போது போய் முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசம் மட்டும்தான் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு பழத்தை எடுத்து வைத்துக்கொண்டு பின்ன ஆரம்பித்தேன்.

இன்று காலை வார்டுக்கு வெளியே உன் சம்பந்தியம்மா குல்லாவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பயந்த கேள்வியையே கேட்டார்.

"யாரு போட்டது?"

நோயில் போனவள் போட்டது என்று எப்படிச் சொல்வேன்? பெஞ்சில் சாய்ந்திருந்த உன் மகள்தான் சொன்னாள். "எங்கம்மா போட்டது."

அவர் நூலை விரலால் தடவிக்கொண்டே நின்றார். வேண்டாம் என்றால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. கடைசியில், "அம்மாச்சி போட்டதா, அப்பச் சரி" என்று சொல்லி நர்ஸிடம் நீட்டினார். கண்ணாடி வழியாகப் பார்த்தோம். அளவு சரியாக இருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து சாத்துக்குடியை உரித்தேன். பாதியை உன் மகளிடம் கொடுத்தேன். மீதி நூல் என்ன ஆயிற்று என்று கேட்டாள். பையைத் தொட்டுக் காட்டினேன்.

"இன்னும் ரெண்டு புள்ளைக்கு ஆகும்" என்றேன். இனி யார் போட்டது என்று கேட்டால் நானே பதில் சொல்லிக்கொள்வேன்.