இறுகாத நட்டு

செவ்வாய்க்கிழமை, இரவு

லொறி வாங்கிய நாள் முதல் நானே ஒயில் மாற்றி வருகிறேன். கொம்பனி கராஜில் யார் எப்படிச் செய்வார்களோ என்று அங்கே ஒருநாளும் விட்டதில்லை. நேற்றும் நானே மாற்றினேன்.

இன்று அக்கராயனிலிருந்து நெல் ஏற்றி வரும்போது ஒயில் குறைவைக் காட்டும் விளக்கு சிவப்பாக எரிந்தது. பக்கத்தில் இருந்த மனைவிதான் முதலில் கண்டாள்.

"நிப்பாட்டுங்கோ!"

நிறுத்தினேன். என்ஜினுக்கு அடியில், ஒயில் வடிக்கும் நட்டு தளர்ந்து ஒழுகிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் என்ஜின் இறுகிப் போயிருக்கும்.

"நான் வடிவா இறுக்கினனான்" என்றேன்.

அவள் என்னிடமிருந்து நட்டு இறுக்கும் சாவியை வாங்கி, அடியில் படுத்து இறுக்கினாள். நட்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. எழும்பி வந்து என் வலது கையைப் பிடித்தாள்.

"விரல் விறைச்சு எவ்வளவு காலமப்பா?"

"மாரியிலயிருந்து."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் கராஜுக்குக் குடுக்கச் சொல்லுவாய்."

"கராஜை விடுங்கோ. நாளைக்கு ஆசுப்பத்திரிக்குப் போவம்."

ஓம் என்றேன். வைத்திருந்த ஒயிலை ஊற்றி மெதுவாக வீடு வந்தோம்.

பேனை விரல்களுக்குள் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். லொறியும் ஓட்டக்கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?