அட்வான்ஸ் வருமானமா?

ஜூன் 3, புதன்

'எழுதுகிறவர் கைக்கணக்கு' இரண்டாம் பதிப்புக்கு மெய்ப்பு வந்திருக்கிறது. குழந்தைகளுக்குக் கதை எழுதிப் பிழைப்பவர்களுக்காக எங்கள் சங்கம் போட்ட சின்னப் புத்தகம், எழுதியது நான். ஒப்பந்தத்தில் எந்த வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும், சம்பாத்தியத்தில் எந்த வரியைக் கட்ட வேண்டும் என்று கேள்வி பதிலாகப் போகும். முன்னொரு காலத்தில் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன் என்ற ஒரே தகுதியில் சங்கத்தில் நான் அரை ஆடிட்டர். முழு ஆடிட்டர் என் மனைவியின் அண்ணன். மச்சானிடம் போனில் கேட்பேன், அவர் சொன்னதை என் நடையில் எழுதுவேன்.

பதினான்காம் தேதி ஆண்டுக் கூட்டம். புது எழுத்தாளர்களுக்கு நான் பேச வேண்டும். கேடயம் ஒன்று ஆர்டர் கொடுத்திருப்பதாகச் செயலாளர் பேச்சுவாக்கில் நழுவவிட்டார். காதில் விழாத மாதிரி இருந்தேன். உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது.

ஜூன் 5, வெள்ளி

முயல் அக்கா போன் செய்தார். பள்ளிப் பிள்ளைகள் வைத்த பெயர். இப்போது பெரியவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். அவர் கதை எழுதிப் படமும் வரையும் 'அரைக்காது' முயலைத் தெரியாத குழந்தை கிடையாது. அதற்கு ஒரு காது மடங்கியிருக்கும். எதைச் சொன்னாலும் பாதிதான் விழும். விழுந்த பாதியை வைத்துக்கொண்டு ஓடிப்போய் எதையாவது கவிழ்த்துவிட்டு, திரும்பி வந்து "மீதி என்ன?" என்று கேட்கும். எல்லாக் கதையும் அந்தக் கேள்வியில்தான் நேராகும்.

அக்காவுக்கு வரி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. முயல் வரிசைக்காகப் பதிப்பகம் போன வருடம் கொடுத்த அட்வான்ஸை வருமானத்தில் காட்டவில்லையாம். வரியும் கட்ட வேண்டும், அதற்கு மேல் அபராதமும்.

"காட்ட வேண்டாம்னு உன் புத்தகத்துல தெளிவா போட்டிருக்கியே தம்பி. பதினெட்டாம் பக்கம். ஆபீஸ்லதான் ஏதோ குழப்பம் போல. கேட்டுச் சொல்றியா?"

கண்டிப்பாக அவர்கள் குழப்பம்தான் என்றேன்.

ஜூன் 6, சனி

அவர்கள் குழப்பம் இல்லை.

மச்சான் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "புத்தக அட்வான்ஸ் கைக்கு வந்த அன்னைக்கே வருமானம், மாப்பிள்ளை. ராயல்டியில கழிச்சுக்குவாங்களே தவிர திருப்பிக் கேக்க மாட்டாங்க. திருப்பிக் குடுக்கறது வீட்டு அட்வான்ஸ்" என்றார்.

"நீங்கதானே அது வருமானம் இல்லைன்னு சொன்னீங்க?"

"அப்போ நீங்க மாடி போர்ஷனை வாடகைக்கு விட ஆள் பாத்துட்டிருந்தீங்க. அட்வான்ஸ் வருமானமான்னு கேட்டீங்க. எந்த அட்வான்ஸ்னு சொல்லலை. நான் வீட்டு அட்வான்ஸ்னு நெனச்சுச் சொல்லிட்டேன்."

சொல்லவில்லைதான். வீட்டுக்கு வந்து பக்கம் 18-ஐ எடுத்துப் பார்த்தேன். 'பதிப்பகம் தரும் அட்வான்ஸை வருமானத்தில் காட்ட வேண்டுமா? வேண்டாம். அட்வான்ஸ் என்பது திருப்பித் தரவேண்டிய தொகை.' என்ன ஒரு தோரணை. எழுதியவன் ஆயுளில் ஒரு அட்வான்ஸைக் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு இதுவரை எந்தப் பதிப்பாளரும் அட்வான்ஸ் கொடுத்தது கிடையாது. விற்கட்டும், பார்க்கலாம் என்பார்கள். மச்சானிடம் விளக்கமாகக் கேட்டிருந்தால் 'எனக்கு இல்லை, மற்றவர்களுக்கு வருவது' என்று சொல்ல வேண்டி வந்திருக்கும். அதற்கு வெட்கப்பட்டுத்தான் ஒற்றைக் கேள்வியோடு நிறுத்திக்கொண்டேனா? அப்படித்தான் இருக்கும். என்னை எனக்குத் தெரியாதா.

மச்சான் ஒரு வழி சொன்னார். வரியைத் தவணையில் கட்டலாம். அபராதத்தை மட்டும் தள்ளுபடி செய்யச் சொல்லி மனுப் போடலாம். "அவங்க பணத்தை மறைக்கலை, ஒரு புத்தகத்தை நம்பினாங்கன்னு காட்டணும். அந்தப் பதில் தப்பு, எழுதினது நான்தான்னு நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கெடைக்கும்னு உறுதி இல்லை. ஆனா கேக்கலாம்."

சங்கத்தின் பெயரில் கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஜூன் 8, திங்கள்

மெய்ப்பைத் திருத்தி அனுப்பிவிட்டேன். 'வேண்டாம்' என்பதில் 'டா'வை எடுத்து 'டு' போட்டால் 'வேண்டும்' ஆகிவிடுகிறது. ஒரே ஒரு எழுத்து. அடுத்த வரியை அப்படியே வெட்டினேன். யாராவது கேட்டால் முதல் பதிப்பில் அச்சுப்பிழை என்று சொல்லிக்கொள்ளலாம்.

திருட்டுத்தனம்தான். வேறு என்ன பெயர் வைப்பது இதற்கு?

ஜூன் 9, செவ்வாய்

கடிதம் எழுதவில்லை. கூட்டம் முடியட்டும்.

ஜூன் 11, வியாழன்

அக்கா வரச் சொல்லியிருந்தார். சாப்பாட்டு மேசை முழுக்க வண்ணப் பென்சில் சீவல். கூரை புதிதாக இருந்தது. மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்ததை அந்த அட்வான்ஸில்தான் மாற்றினாராம். நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"உன் மச்சானைக் கேட்டியா தம்பி?"

அவர் ஊரில் இல்லை என்றேன். மச்சான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அக்கா ஒரு ஒப்பந்தத்தை எடுத்து வைத்தார். பதிப்பகம் அரைக்காதை மொத்தமாக விலைக்குக் கேட்கிறது. பல வருடமாகக் கேட்டும் அவர் மசியவில்லை. "வரியைத் தவணையில கட்டிடுவேன். இந்த அபராதம்தான் மலைப்பா இருக்கு. திங்கக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டா பணம் உடனே தர்றாங்களாம். நீதான் இதெல்லாம் படிச்சவன். மொத்த உரிமைன்னா அவனை வேற யாரு வேணா எழுதலாமா?"

"எழுதலாம்."

"காதை நிமித்திடலாமா?"

"அவங்க இஷ்டம்க்கா."

அக்கா ஒரு பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். சீவிக்கொண்டே இருந்தார். நான் அவசரப்பட வேண்டாம், ஒரு வாரம் பொறுங்கள் என்றேன்.

"ஏன்? ஒரு வாரத்துல என்ன ஆகப்போகுது?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாயைக்கூடத் திறந்தேன். "பொதுவா எந்த ஒப்பந்தத்தையும் ஒரு வாரம் வச்சுப் படிக்கறது நல்லதுக்கா" என்றேன். அது என் புத்தகத்தில் ஆறாம் பக்கத்தில் இருக்கிற வரி. தப்பே இல்லாத வரி. அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஜூன் 12, வெள்ளி

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலை. கேட்டு முடித்துவிட்டு, "பிடுங்க வேண்டிய பல்லோட வர்றவங்களை தினம் பாக்கறேன். கன்னத்தைப் பிடிச்சுட்டே வலி இல்லைம்பாங்க, வேற நாள் குடுங்கம்பாங்க. உங்க மூஞ்சி இந்த வாரம் பூரா அப்படித்தான் இருக்கு" என்றாள்.

"என்ன பண்ணட்டும்?"

"கூட்டத்துக்கு முன்னாடி போய்ச் சொல்லிடுங்க. அவங்க நாலு திட்டு திட்டினா வாங்கிக்கோங்க."

திட்டினால் வாங்கிக்கொள்வேன். திட்ட மாட்டார் என்பதுதான் பயம். நாளைக்குப் போகிறேன் என்றேன்.

ஜூன் 13, சனி

போகவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

நன்றாகப் பேசினேனாம். எல்லாரும் சொன்னார்கள். படம் வரைபவருக்கு எவ்வளவு பங்கு என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள், வருகிற ஒவ்வொரு தொகையிலும் வரிக்கென்று கொஞ்சம் தனிக் கணக்கில் போடுங்கள், பள்ளிக்குக் கதை சொல்லப் போனால் பஸ் டிக்கெட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள், 'இதர வடிவங்கள்' என்று ஒப்பந்தத்தில் பார்த்தால் எவை என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நடுவில் ஒரு ஜோக். சிரித்தார்கள்.

அப்புறம் பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், அட்வான்ஸ் வருமானமா?" என்று கேட்டாள்.

முன் வரிசையில் முயல் அக்கா, மடியில் பேனாவோடு.

"அது ஆளுக்கு ஆள் மாறும். உங்க ஆடிட்டரைக் கேட்டுக்கறது நல்லது" என்றேன். அக்கா தலையாட்டி அதையும் குறித்துக்கொண்டார். கேடயம் கொடுத்தார்கள். 'வழிகாட்டி' என்று பொறித்திருக்கிறது. பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

தூ.

ஜூன் 15, திங்கள்

காலையில் முதல் வேலையாகக் கடிதம் எழுதினேன். உண்மையைச் சொன்னால் நாலைந்து வரிக்கு மேல் வரவில்லை. அதற்குத்தான் இத்தனை நாள் ஆட்டம். பதில் தவறு, எழுதியது நான், இவர் அதை நம்பித்தான் செய்தார். கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பதிப்பகத்துக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். கையெழுத்து ஆகிவிட்டது.

வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். வீட்டு அட்வான்ஸ், மச்சான் ஊரில் இல்லை என்ற பொய், நேற்று மேடையில் மழுப்பியது. அக்கா கடிதத்தை நிதானமாகப் படித்தார். பதிப்பாளருக்குப் போன் போட்டுத் திருப்பிக் கேட்கலாம் என்றேன். உடனே போட்டார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் அம்மா என்றாராம் அவர், மரியாதையாகவே.

போனை வைத்துவிட்டுக் கடிதத்தை மடித்தார். அப்புறம் சொன்னார்: "ஒரு வாரம் பொறுக்கச் சொன்னியே தம்பி. ஏன்னு சொல்லியிருந்தா பொறுத்திருப்பேனே."

அவ்வளவுதான். திட்டவில்லை.

எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழுவதற்கு என்ன யோக்கியதை இருக்கு எனக்கு? கடிதத்தை மனுவோட சேர்த்து அனுப்பிடுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். தெருவெல்லாம் மங்கலாத் தெரிஞ்சுது.

ஜூன் 17, புதன்

செயலாளரிடம் சொன்னேன். "அச்சுப்பிழைன்னு ஒரு வரி போட்டுட்டா போச்சு, இதுக்கு ஏன் இவ்வளவு?" என்றார். ஒரு நிமிடம் சபலம் தட்டியது. சபலமே இல்லை என்று இங்கே எழுதினால் பொய். பிறகு, தப்பு என்னுடையது என்று என் பெயரைப் போட்டே ஒரு திருத்தச் சீட்டு அச்சடியுங்கள் என்றேன். கேடயத்தையும் அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அவர் அதைப் பேப்பர் பறக்காமல் இருக்க வைத்துக்கொண்டார்.

ஜூன் 25, வியாழன்

திருத்தச் சீட்டு அச்சாகி வந்தது. 'முதல் பதிப்பின் 18ஆம் பக்கத்தில் நான் தவறாக எழுதினேன். புத்தகத்துக்கான அட்வான்ஸ் கைக்கு வரும் ஆண்டிலேயே வருமானம். அந்தப் பதிலை நம்பிக் கணக்குக் கொடுத்தவர்கள் உடனே திருத்திக்கொள்ளுங்கள். நோட்டீஸ் வந்திருந்தால் என்னிடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.' கீழே என் பெயர். முதல் வரைவில் 'தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதியிருந்தேன். தவறு தானாக நடந்து வந்து புத்தகத்தில் உட்கார்ந்துகொண்ட மாதிரி. அடித்துவிட்டேன்.

முதல் பதிப்பை வாங்கியவர்களுக்கு அனுப்ப, சங்க அறையில் உட்கார்ந்து மடித்து உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். முயல் அக்கா வந்தார். ஒன்றும் கேட்காமல் எதிரே உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தார். நான் கோணலாக மடித்தவற்றைப் பிரித்துத் திரும்ப நேராக மடித்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. போகும்போது, "பசை கையில ஒட்டியிருக்கு பாரு" என்றார்.

ஜூலை 2, வியாழன்

இன்னும் இரண்டு பேருக்கு நோட்டீஸ். கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஒருவர் வாங்கும்போது முகம் கொடுத்துப் பேசவில்லை. அது எவ்வளவோ தேவலை.

ஜூலை 20, திங்கள்

அக்காவின் அபராதம் தள்ளுபடி. மச்சான்தான் சொன்னார். சந்தோஷமாகச் சொன்னார் பாவம். அபராதம் இல்லை, அபராதத்துக்காக விற்ற முயலும் இல்லை. பணம் அக்காவிடம் சும்மா கிடக்கிறது.

ஆகஸ்ட் 12, புதன்

பதிப்பகத்திலிருந்து எனக்குப் போன். அரைக்காது வரிசையைத் தொடரப்போகிறார்களாம், அதை நான் எழுத வேண்டுமாம். முடியாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அக்கா வந்தார். "ஏன் மாட்டேன்னியாம்? உன் பேரைச் சொன்னதே நான்தான்."

"எப்படிக்கா நான் எழுதுவேன்? என்னாலதானே..."

"உன்னாலதான். இல்லைன்னு நான் சொல்லலையே." பையிலிருந்து பழைய பென்சில் படங்களை எடுத்து மேசையில் வைத்தார். "என்னை எழுதச் சொல்லிக் கேட்டாங்க. அடுத்தவங்க பொருளா ஆனப்புறம் எனக்குக் கை வரலை. வேற எவனாவது எழுதினா முதல் புத்தகத்துலயே காதை நிமித்தி அவனைப் புத்திசாலி ஆக்கிடுவான். நீ ஆக்க மாட்ட."

மனைவி அக்காவுக்கு டீ கொண்டுவந்து வைத்தாள்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ தம்பி. பாதி கேட்டுட்டு ஓடறது அவன் குணம். ஆனா திரும்பி வந்து மீதியைக் கேப்பான். அதை விட்டுடாதே."

குத்திக்காட்டினாரா, கதையைத்தான் சொன்னாரா? கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

ஆகஸ்ட் 20, வியாழன்

ஒப்பந்தத்தை ஒரு வாரம் வைத்துப் படித்தேன். எழுதுவதற்கு மூன்று நிபந்தனை வைத்தேன்: அட்டையில் அக்கா பெயர் முதலில், காதில் கை வைப்பதானால் அவர் சம்மதம் எழுத்தில், ராயல்டியில் பாதி அவருக்கு. மூன்றுக்கும் ஒத்துக்கொண்டார்கள். அட்வான்ஸையும் பாதியாக்கச் சொன்னேன், அக்கா ஒப்பவில்லை. "வேலை செய்யறவன் வாங்கணும்" என்று முடித்துவிட்டார்.

செப்டம்பர் 4, வெள்ளி

அட்வான்ஸ் வந்தது. என் ஆயுளில் முதல் அட்வான்ஸ். வருமானத்தில் எழுதினேன், வரிக்கு உள்ளதைத் தனியாக எடுத்து வைத்தேன். மச்சானிடம் எதற்கும் இன்னொரு தடவை, எந்த அட்வான்ஸ் என்று சொல்லியே கேட்டேன். சிரித்தார். திருப்பித் தர வேண்டியதில்லை, மாப்பிள்ளை, தாராளமாகச் செலவு பண்ணுங்கள் என்றார்.

இன்னும் அதைத் தொடவில்லை.