அண்ணே, அது பெரட்டுதான்

என் கத்தல் பாட்டுக்கார அண்ணனுக்கு,

முதலில் நல்ல சேதி. உன் இங்கிலீசுப் பாட்டுக் கோஷ்டியின் பேர்போன பாட்டுகளைச் சேர்த்துப் போட்ட கசட் இருக்கிறதே, அதை மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். புது அட்டை, புதுச் சத்தம். அட்டன் டவுன் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் அதைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வாங்கலாமா? நீ இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. பாட்டெல்லாம் பழையதுதான். நம்மிடம் இருக்கிற கசட்டும் இன்னும் ஓடுகிறது. பிரதியிலிருந்து பிரதி எடுத்தது, தகரத்தில் மழை விழுகிற மாதிரி இரைச்சல். ஆனாலும் நீ தேயிலை ஃபேக்டரியிலிருந்து வந்து கையைக்கூடக் கழுவாமல் போட்டது அதைத்தானே?

என் பயம் வேறு. மூன்றாவது பாட்டில் அந்த ஆள் தொண்டை கிழியக் கத்துவானே, அது "பெரட்டு, பெரட்டு" என்று நீ அடித்துச் சொன்னாய். விடியக்காலையில் நம்மை வரிசையில் நிறுத்தி, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டு சீமைப் பாட்டில் எப்படி வரும் என்று லயத்து வரிசை வீடுகள் அத்தனையும் சிரித்தன. நீ விடவில்லை.

"அங்கயும் பெரட்டு இருக்கும் புள்ள. இல்லாட்டி அவன் ஏன் இம்புட்டுக் கோவமா கத்துறான்?"

பிறகு அந்த இடம் வந்தால் அம்மா உட்பட எல்லோரும் சேர்ந்து கத்தினோம். நீ கண்ணை மூடிய பிறகும் கத்துகிறோம். புதுக் கசட்டில் சத்தம் தெளிவாகி, அது வேறு ஏதோ சொல் என்று தெரிந்துவிட்டால்? உன் குரல் எங்களிடம் மிச்சம் இருப்பது அந்த ஒரு சொல்லில்தான் அண்ணே.

இருந்தும் மனசு கேட்கவில்லை. கடைக்காரரிடம் மூன்றாவது பாட்டைப் போட்டுக் காட்டச் சொன்னேன். என்ன சத்தம்! பின்னால் ஒரு கிட்டார் தனியாக முனகுகிறது, இத்தனை வருசம் நமக்கு அது கேட்கவே இல்லை. அந்த இடம் வந்தது. அவன் "பரேட்" என்று கத்தினான்.

என் முகம் வாடியதைப் பார்த்துக் கடைக்காரர் விசாரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"ரெண்டும் ஒரே சொல்லுதாம்மா. வெள்ளக்காரத் தொரைங்க பரேட்டுன்னாங்க, நம்ம வாயில அது பெரட்டாயிருச்சு. தெனமும் வரிசையில நிறுத்துறாங்கன்னுதான் இவன் கோவமாப் பாடுறான்."

கேட்டாயா? நீ சொன்னதேதான்! கடை என்றும் பார்க்காமல் சிரித்தேன், அழுதேன். கசட் இப்போது என் மடியில் இருக்கிறது.

ஒரு குறை. அந்த நீளமான டிரம் அடியைப் பாதியில் வெட்டிவிட்டார்கள். நீ இருந்தால் சண்டைக்கே போயிருப்பாய். அதற்காகப் பழையதையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மற்றபடி யார் கேட்டாலும் யோசிக்காமல் வாங்கச் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் லயத்து வாசலில் போடப்போகிறோம். அவன் பரேட் என்று கத்தட்டும், நாங்கள் பெரட்டு என்றுதான் கத்துவோம். கத்தி முடித்ததும் பேர் கூப்பிடுவேன். முதல் பேர் உன்னுடையது. இது சத்தியம்.

பெரட்டுக்குப் பிந்தாத உன் தங்கச்சி,
மேரி