பிரேக் விளக்குக்கு ஒரு சுவிட்ச்

1974 ஆகஸ்ட் 12, திங்கள்.

மடுல்சீமை மரக்கறி வியாபாரியின் பிக்கப் வேலை இன்று முடிந்தது. லொறி ஸ்பிரிங் வைத்து உயர்த்தி, பெரிய டயர் போட்டிருக்கிறேன். அந்தச் சேற்று வழிக்கு வேண்டியதுதான். ஆனால் பிரேக் விளக்கை அணைத்து வைக்க ஒரு சுவிட்சும் கேட்டார். கோவாவும் கரட்டும் ஏற்றுகிறவருக்கு அது எதற்கு? இருட்டில் பொலிஸுக்குத் தெரியாமல் ஓடுகிறவன் கேட்பது அது.

“பின்னாடி வர்றவங்களுக்குக் கண்ணு கூசக் கூடாதுல்ல” என்று சிரித்தார்.

பூட்டிக் கொடுத்தேன். செய்த வண்டியின் சேஸியில் என் முதலெழுத்தைக் குத்துவது வழக்கம். இதில் குத்தவில்லை. பொலிஸ் வந்து கேட்டால் என் வேலையில்லை என்று சொல்லலாமே.

புறப்படும்போது அவர் குனிந்து சேஸியைத் தடவிப் பார்த்தார்.

“எங்க, நானா, ஒங்க எழுத்தக் காணோம்? நல்லா ஆழமாக் குத்துங்க.”

குத்தினேன்.